ஏரிக்கரைக் கொண்டோ பார்க்கப் போகிறீர்களா? கையில் ஒரு ரிஷ்யூக் கடதாசி கொண்டு போங்கள்

போன மார்கழியில் அண்ணாவும் மச்சாளும் ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு ரொறன்ரோ டவுன்ரவுனில் ஏரியோரமாக ஒரு கொண்டோ, அதாவது மாடிக் கட்டடத்தில் சொந்த வீடு, வாங்கப் போவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் படித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பனி வழிக்க அண்ணாவின் முதுகு இனி இடம் கொடுக்காது. நான் குயின்ஸ் கீ வீதியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதல் நாலு வருடம் வாடகைக்கு, அப்புறம் வேறு கட்டடத்தில் சொந்தமாக. அதனால் வீடு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பங்குனிக்குள் பதினொரு வீடு பார்த்து முடித்தோம்.

முதல் வீடு முப்பத்தெட்டாம் மாடி. முகவர் யன்னல் திரையை இழுத்தார். ஒன்ராறியோ ஏரி வெள்ளித் தகடு மாதிரி விரிந்து கிடந்தது. "ஐயோ, என்ன வடிவு!" என்று மச்சாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். இருபது நிமிடம் உள்ளே நின்றோம், அதில் பதினெட்டு நிமிடம் அந்த யன்னலடியில். கீழே வந்து காரில் ஏறியதும், "குசினியில் சிங்க் எந்தப் பக்கம் இருந்தது, மச்சாள்?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, அண்ணாவுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே ஒரு விதி போட்டேன். எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் பத்து நிமிடம் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஏரி எங்கும் ஓடிப்போகாது. இந்தக் கரையில் நிற்கிற எல்லாக் கட்டடத்துக்கும் அதே ஏரிதான். ஒன்றையொன்று ஒப்பிட வேண்டுமானால் வித்தியாசமானவற்றைத்தானே பார்க்க வேண்டும்.

முதலில் எந்தக் கரை

வெளியில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே 'வாட்டர்ஃப்ரன்ட்'. உண்மையில் மூன்று ஊர். பதர்ஸ்ட் வீதி முதல் ஸ்பதைனா வீதி வரையான மேற்குப் பக்கம் ஓரளவு பழையது, தணிவானது, மரங்கள் வளர்ந்துவிட்டன. பாக்கின் செலோ இசையை வைத்து 1999இல் அமைத்த மியூசிக் கார்டன் அங்கேதான். 509ஆம் இலக்க ஸ்ட்ரீட்கார் (ட்ராம்) வாசலில் நிற்கும். நடுப்பக்கம், அதாவது யோர்க் வீதி முதல் யங் வீதி வரை, கண்ணாடிக் காடு. யூனியன் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். சில கட்டடங்களிலிருந்து 'பாத்' என்கிற நிலக்கீழ் நடைபாதை வழியாகக் கோட்டுப் போடாமலேயே வேலைக்குப் போய்விடலாம். ஹார்பர் பிளாசா அப்படி ஒன்று. ஆனால் கோடையில் எதிரே உள்ள ரொறன்ரோ தீவுக்குப் படகு பிடிக்க வரும் சனத்தில் உங்கள் வாசல் எது என்று தேட வேண்டியிருக்கும். யங்குக்குக் கிழக்கே புதுக் கட்டடங்கள், அகலமான நடைபாதை, சுகர் பீச்சின் இளஞ்சிவப்புக் குடைகள். அங்கே ஸ்ட்ரீட்கார் இன்னும் வரவில்லை, பஸ்தான். ரெட்பாத் சர்க்கரை ஆலை இன்றைக்கும் ஓடுகிறது. கப்பல் வந்து சர்க்கரை இறக்கும், காற்று திரும்பினால் பாகு வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும். அண்ணாவுக்கு நீரிழிவு. மணந்தாலே சீனி ஏறுகிறது என்று பகிடி விடுவார்.

இதைவிட முக்கியம், கார்டினர் வேகப்பாதை உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம், எந்த உயரத்தில் என்பது. அது தூண்கள் மேல் போகிற பாதை. அதற்கு நேரே இருக்கிற மாடிகளுக்குச் சத்தமும் கறுப்புத் தூசியும் சேர்ந்தே கிடைக்கும். பல்கனிக் கைப்பிடியை விரலால் தேய்த்துப் பாருங்கள், தெரியும். 10 யோர்க் கட்டடம் மாதிரி வேகப்பாதையின் இறக்கங்களுக்கு நடுவே ஆப்பு வடிவக் காணியில் எழுந்த கோபுரங்களில், தெற்கு வீடும் வடக்கு வீடும் ஒரே விலாசத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. கார்டினர் மௌனமாக இருந்து நான் அறிந்தது ஒரே ஒரு மாலை, 2009 மே 10. வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் ஆயிரக்கணக்கில் அதன் மேல் ஏறி நின்ற அன்னையர் தினம். இப்போது அதே பாதையின் இரைச்சலைக் கைபேசியில் அளந்து, இந்த வீடு வேண்டுமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

யன்னலுக்கு முன்னால் இப்போது வெறும் காணி இருந்தால் அதை நம்ப வேண்டாம். நகரசபை இணையத்தளத்தில் கட்டட விண்ணப்பங்களை வரைபடத்தில் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. யங் வீதி 1ஆம் இலக்கத்தில் பழைய பத்திரிகை அலுவலகத்தின் கார் தரிப்பிடமாகக் கிடந்த நிலத்தில் இன்று நூறு மாடியைத் தாண்டும் கோபுரம் எழும்புகிறது. வீதிக்குத் தெற்கே பூங்காவும் தண்ணீரும் மட்டும் இருந்தால்தான் அந்தக் காட்சி உங்களுக்கு நிலைக்கும்.

எதிர்க் கோபுரம் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். 2013இல் நகரசபை வெளியிட்ட உயர் கட்டட வழிகாட்டி, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே குறைந்தது 25 மீட்டர் கேட்கிறது. கேட்கப் பெரிய தூரம். இரவில் போய் நின்றால் எதிர்வீட்டு ரீவியில் எந்த அணி விளையாடுகிறது என்று சொல்லிவிடலாம்.

லிஃப்டுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை

நான் வாடகைக்கு இருந்த கட்டடத்தில் 480 வீடு, நாலு லிஃப்ட். மாதக் கடைசியில் ஒன்றைச் சாமான் ஏற்ற மறித்துவிடுவார்கள், மிச்சம் மூன்று. அதாவது ஒரு லிஃப்டுக்கு 160 வீடு. காலையில் இருபத்தெட்டாம் மாடிக்கு வந்து கதவு திறந்தால் உள்ளே ஆட்களும் இரண்டு நாயும் ஒரு சைக்கிளும். "அடுத்ததில் வாங்கோ" என்கிற பார்வை. அடுத்ததும் அப்படித்தான். அந்த நாலு வருடத்தில் நான் அலுவலகத்துக்குப் பிந்தியதற்குப் பனியைவிட லிஃப்ட்தான் காரணம்.

ஆகவே வீடுகளின் எண்ணிக்கையை லிஃப்ட் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். நூறைத் தாண்டினால் நான் யோசிப்பேன். இது என் கணக்கு, சட்டமில்லை. அப்புறம் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு லொபியில் போய் நில்லுங்கள். முகவர் உங்களைக் கூட்டிப்போவது எப்போதும் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குத்தான். அந்த நேரத்தில் எந்த லிஃப்டும் பறக்கும். நிற்கும்போது சூட்கேஸ்களை எண்ணுங்கள். ரொறன்ரோவில் குறுகிய கால வாடகை, ஒருவர் தான் வசிக்கும் வீட்டுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை லொபியில் சில்லு வைத்த பெட்டிகள் வரிசையாக உருண்டால் அந்தக் கட்டடத்தின் கதை உங்களுக்கு விளங்கிவிடும்.

ரிஷ்யூ எதற்கு

நாங்கள் சமைக்கிற சாதி. மீன் பொரிக்காமல், கறித்தூளுக்கு மிளகாய் வறுக்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் இருக்க முடியாது. ஆகவே என் பட்டியலில் குசினிக் காற்றுக்குத்தான் முதலிடம்.

பெரும்பாலான கோபுரங்களில் கூரையில் ஓர் இயந்திரம் காற்றைச் சூடாக்கி ஒவ்வொரு மாடியின் நடைவழிக்கும் தள்ளும். அந்தக் காற்று உங்கள் வாசற்கதவின் கீழ் இடுக்கால் வீட்டுக்குள் வரும், குளியலறை, குசினி விசிறிகள் வழியாக வெளியே போகும். அதனால்தான் கதவின் கீழே இடைவெளி விட்டிருக்கிறார்கள். சனம் அதைத் துணியால் அடைக்கும், அடைக்கக் கூடாது. இப்போது கதவைச் சாத்திவிட்டு, கீழ் இடுக்கருகே ஒரு ரிஷ்யூவைத் தொங்கவிடுங்கள். அது உள்ளே பறந்தால் நல்லது. வெளியே இழுபட்டால் உங்கள் மீன்பொரியல் முழு மாடிக்கும் பரிமாறப்படும், நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். புதுக் கட்டடங்கள் சிலவற்றில் வீட்டுக்கு வீடு தனியாகக் காற்று மாற்றும் கருவி உண்டு. அங்கே இந்தச் சோதனை அவ்வளவு பேசாது. அந்தக் கருவியின் வடிகட்டி எங்கே இருக்கிறது, யார் மாற்றுவது என்று கேளுங்கள்.

அடுத்து அடுப்புக்கு மேலுள்ள ஹூட். மைக்ரோவேவோடு சேர்ந்த சில ஹூட்கள் புகையை உறிஞ்சி, கரி வடிகட்டியில் காட்டி, மறுபடி உங்கள் முகத்துக்கே ஊதும். எங்கள் சமையலுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. ரிஷ்யூவை ஹூட்டில் வையுங்கள், ஒட்டி நிற்க வேண்டும். மற்றவரைப் பல்கனிக்கு அனுப்பி, வெளிச்சுவரில் உள்ள காற்று வாயில் கையை வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்த பதினொன்றில் நாலில் வெளியே ஒன்றுமே வரவில்லை. ஒரு முகவர் இதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு ரிஷ்யூ எடுத்து வந்து சோதித்தார்.

வாசற்கதவு சீறினால் அதுவும் காற்றின் வேலைதான். கடும் குளிரில் கட்டடத்தின் சூடான காற்று லிஃப்ட் குழாய் வழியே மேலே ஏறும், கீழே குளிர்காற்று உள்ளே இழுபடும். உயரம் கூடக் கூட இந்த இழுவையும் கூடும். அதனால் ஒரு வீட்டையாவது பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை நாளில் போய்ப் பாருங்கள். மாசியில் வீடு பார்ப்பவர்கள் முட்டாள்கள் என்று முகவர்கள் நினைக்கலாம், உண்மையில் பாக்கியசாலிகள்.

கண்ணாடியும் அலுமாரியும்

தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். அலுமாரியை எந்தச் சுவரில் சாத்துவது என்று எழுத மாட்டார்கள். அண்ணா வீட்டுச் சாமான்களின் நீள அகலத்தைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனோம். சோபா 7 அடி, சாமி அலுமாரி 3 அடி, ஆறு கதிரை போடும் மேசை. ஒரு வீட்டில் ஹோலின் நடுவே சரிவான தூண். இன்னொன்றில் வெளிச்சுவர் வளைவு, எந்தத் தளபாடமும் முதுகை ஒட்டி நிற்காது. வெளியில் இருந்து பார்க்க அந்த வளைவுதான் கட்டடத்தின் அழகே.

படுக்கையறையில் யன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பல வீடுகளில் படுக்கையறை என்பது ஹோலிலிருந்து தேய்த்த கண்ணாடிக் கதவு ஒன்றால் மறித்த பெட்டி, வெளிச்சம் கடன்தான். ஒருவர் செய்தி பார்க்க மற்றவர் தூங்க முடியாது. 'டென்', அதாவது சிற்றறை, என்று போட்டிருந்தால் அளவு நாடாவை எடுத்துவிடுங்கள். நான் அளந்ததில் ஒன்று 5 அடிக்கு 6 அடி.

கண்ணாடியில் இரண்டு வகை. மாடித் தளங்களுக்கு நடுவே செருகியது ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் மாடிக்கு மாடி கொங்கிரீட் விளிம்பு கோடாகத் தெரியும், குளிர் அந்த விளிம்பு வழியாக உள்ளே நடந்து வரும். கொண்டோக்களில் பெரும்பாலும் இதுதான், விலை குறைவு. தளங்களுக்கு வெளியே திரைபோலத் தொங்கவிட்டது மற்றது. விலையும் கூட, இறுக்கமும் கூட. மாசியில் யன்னலடித் தரையில் காலுறை இல்லாமல் நின்று பாருங்கள். பாதம் சொல்லும்.

தெற்குப் பார்த்த வீடுகளுக்கு இன்னொரு கேள்வி, சூடும் குளிரும் தரும் குழாய்கள் இரண்டா நாலா? இரண்டு குழாய்க் கட்டடத்தில் வருடத்துக்கு இரண்டே தடவைதான் மாற்றுவார்கள், இளவேனிலில் குளிருக்கு, இலையுதிரில் சூட்டுக்கு. சித்திரைக் கடைசியில் திடீரென 25 பாகை வெயில் அடிக்கும், கட்டடம் இன்னும் சூட்டிலேயே இருக்கும், யன்னல் நாலு அங்குலத்துக்கு மேல் திறக்காது. என் முதல் வீட்டில் அந்த ஒரு கிழமையில் வேப்பிலை மாதிரி வாடிப்போவேன். நாலு குழாயோ வெப்பப் பம்போ உள்ள கட்டடத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பேர்பெற்ற கட்டடக் கலைஞர்கள்

இங்கே பெரிய பெயர்கள் உண்டு. அதை அசட்டை செய்யவும் வேண்டாம், அதற்காகவே வாங்கவும் வேண்டாம். மொன்றியலில் ஹபிடாட் 67ஐக் கட்டிய மோஷே சஃப்டி வரைந்தது கிழக்குப் பக்கத்து மோண்ட் கட்டடம். பல்கனிகளை இருக்கக்கூடிய இடமாக யோசித்திருக்கிறார் என்பது கீழே நின்று பார்த்தாலே தெரியும். பியர் 27இல் தணிந்த கட்டடங்களின் தலையில் பாலம்போல வீடுகளைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம், ஆனால் பாலம் போட்ட அந்தக் கட்டடங்கள் கோபுரமாக எழாமல் தணிவாக இருப்பதால் லிஃப்ட் தொல்லை அவ்வளவு இல்லை. ஆர்தர் எரிக்சனின் கிங்ஸ் லேண்டிங் 1980களில் எழுந்தது, ஏரியை நோக்கிப் படிப்படியாக இறங்கும் மேற்குக் கட்டடம். வெளித்தோற்றம் இன்றைய கண்ணுக்குப் பழசு, உள்ளே அறைகள் அறைகளாக இருக்கின்றன. என் மனதுக்கு நெருங்கியது குயின்ஸ் கீ டேர்மினல்தான். 1927இல் கட்டிய சரக்குக் களஞ்சியத்தை 1983இல் மாற்றி மேல்மாடிகளில் வீடு வைத்தார்கள். தடித்த சுவர். விலை கேட்டுவிட்டு நன்றி சொல்லித் திரும்பினோம்.

பல்கனி, காற்று, சத்தம்

முப்பதாம் மாடிக்கு மேல் பல்கனி என்பது பெரும்பாலும் காட்சிப்பொருள். காற்று பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கும், உடுப்புக் காயப்போட விதிகள் விடாது. சிலந்திகள் மட்டும் சந்தோஷமாக இருக்கும். ஏரியின் பூச்சிகளுக்காக இருபதாம் மாடிக்கும் வந்து வலை கட்டும். பல்கனிக் கண்ணாடி எந்த வருடத்தது என்றும் கேளுங்கள். 2010ஐ ஒட்டிய வருடங்களில் ரொறன்ரோவில் பல்கனிக் கண்ணாடிகள் உடைந்து தெருவில் விழுந்தபின், 2012இல் ஒன்ராறியோ விதியைத் திருத்தியது. அதற்கு முந்திய கட்டடமானால் மாற்றினார்களா, யார் செலவில் என்பது கேள்வி.

மேற்குப் பக்கத்தில் பில்லி பிஷப் விமான நிலையம் நேர் எதிரே. இரவு 11 முதல் காலை 6.45 வரை அவசர மருத்துவ விமானங்கள் தவிர வேறொன்றும் பறக்காது. மற்ற நேரத்தில் விசிறி விமானங்களின் உறுமல் பழகிவிடும். பழகாதது வேறொன்று. செப்டம்பர் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய வார இறுதியில் ஏரிக்கு மேலே போர் விமானங்கள் வித்தை காட்டும். அம்மா என்னோடு இருந்த வருடம் நான் அதை மறந்துபோனேன். முதல் இரைச்சல் கேட்டதும் அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "கிபிர் வருது, லைட்டை நூர்" என்றார். கிபிர் என்றால் வன்னியில் குண்டு போட்ட இலங்கை விமானப்படையின் ஜெட். வன்னியில் இருந்து வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்த மூன்று நாலு நாளுக்கு ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ யாரிடமாவது இடம் கேட்டு வையுங்கள்.

கடதாசிகள்

பழைய கட்டடங்களின் பராமரிப்புக் கட்டணத்தைப் பார்த்து மச்சாள் வாயில் கை வைத்தார். அதனால் புதியது ஒன்றையும் பழையது ஒன்றையும் ஒரே தராசில் போட்டேன். இரண்டும் 900 சதுர அடி. புதியது சதுர அடிக்கு 72 சதம், அதாவது 648 டொலர். மின்சாரம், சூடு, தண்ணீர் தனி, ஏறத்தாழ 190. இணையம் 60. மொத்தம் 898. பழையது சதுர அடிக்கு 1.05, அதாவது 945, எல்லாம் அடக்கம். வித்தியாசம் 47 டொலர். புதுக் கட்டடத்தின் கட்டணம் முதல் சில வருடத்தில் தணிவாக இருந்து பிறகு ஏறுவது வழக்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்குகிறவர்கள், கட்டடத்தின் கணக்கு வழக்கைச் சொல்லும் 'ஸ்டேட்டஸ் சேர்டிஃபிகேட்' பார்த்த பின்னரே வாங்குவது உறுதி என்ற நிபந்தனையோடு மட்டும் விலை பேசுங்கள். கேட்டால் கட்டட நிர்வாகம் 10 நாளுக்குள் தர வேண்டும், 100 டொலருக்கு மேல் வாங்க முடியாது. அதைச் சட்டத்தரணி வாசிக்கட்டும், நீங்களும் வாசியுங்கள். சேமநிதியில் எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா, விசேஷ அறவீடு வருகிறதா? 1995க்கும் 2007க்கும் இடைப்பட்ட கட்டடமானால் கிட்டெக் என்கிற தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். அது வெடிக்கும், காப்புறுதிக்காரர் முகம் சுளிப்பார். நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு ஒருமுறை இறங்கிச் சுவரைப் பாருங்கள். இந்தக் கரை முழுக்க ஏரியை நிரப்பிய நிலம், பழைய கரை ஃப்ரன்ட் வீதியடியில்தான் இருந்தது. வெள்ளை உப்புக் கோடுகளும் ஊசியால் பசை ஏற்றி அடைத்த வெடிப்புகளும் நிறைய இருந்தால் அதற்கான செலவு யாருடைய பையிலிருந்து வரும் என்று யோசியுங்கள். வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு திகதி, 2018 நவம்பர் 15. அதற்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய கட்டடங்களுக்கு ஒன்ராறியோவின் வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது.

எங்களுக்கு மிகப் பிடித்த வீட்டை அந்தக் கடதாசிதான் கெடுத்தது. நாற்பது வீட்டுக்காரர் சார்பில் ஒரு தண்ணீர்க் கசிவு வழக்கு. விலகினோம். அண்ணா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

கடைசியில் வாங்கியது மேற்குப் பக்கத்தில் ஆறாம் மாடி. பழைய கட்டடம், 130 வீட்டுக்கு மூன்று லிஃப்ட். குசினி தனி அறை, அதற்குக் கதவும் உண்டு. யன்னலில் பாதி ஏரி, பாதி மரம். இலை வந்தால் முக்கால் மரம். வைகாசியில் சாவி கிடைத்தது. மச்சாள் முதலில் கொண்டுபோனது பால் காய்ச்சும் சட்டி. பால் பொங்கி மின்சார அடுப்பில் வழிந்து புகைத்தது. அண்ணா ஓடிப்போய் ஹூட்டைத் தட்டினார், நான் பல்கனிக்குப் போய்ச் சுவர் வாயில் கையை வைத்தேன். சூடாக வந்தது.